பெயர் தெரிந்தால் பாதி மருந்து

மல்பெரித் தோட்டத்தில் நினைத்த நேரத்தில் மருந்து அடித்துவிட முடியாது. ஓசூர், கெலமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பாலபாடம். அந்த இலையைத் தின்னப் போவது புழு. பட்டுப்புழுவும் பூச்சியினம்தான். பூச்சியைக் கொல்லத் தெளித்த மருந்தின் மிச்சம் இலையில் தங்கியிருந்தால், தட்டில் கிடக்கும் பட்டுப்புழுவும் செத்துப்போகும். தக்காளிக்காரருக்கும் கோஸ்காரருக்கும் இருக்கிற அவசர வழி பட்டு விவசாயிக்கு இல்லை. அவர் தோட்டத்தில் புதிதாக ஒரு பூச்சி ஏறினால், அது எந்தப் பூச்சி, அதை எது தின்னும் என்று தெரிந்தாக வேண்டும்.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவை அப்பியது போல ஒரு பூச்சி தென்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் அது மேற்கு மாவட்டங்களில் மல்பெரி, மரவள்ளி, கொய்யா, செம்பருத்தி என்று கண்ட செடியிலெல்லாம் ஏறிவிட்டது. சாற்றை உறிஞ்சியதும் குருத்து சுருண்டது. பூச்சி கழித்த இனிப்பு நீரின் மேல் கரும்பூசணம் படர்ந்தது. மல்பெரிக்காரர்களுக்கு மாவுப்பூச்சி புதிதல்ல. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி ஒன்று குருத்தைத் தாக்கி இலையைக் கொத்தாகச் சுருட்டுவதை ‘துக்ரா’ என்று அவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். வந்திருப்பது அதுவேவா, வேறொன்றா? துக்ராவுக்குச் செய்ததையே இதற்கும் செய்யலாமா? எல்லாம் இந்த ஒரு கேள்வியில் நின்றது.

விடை கிடைத்தது. பூச்சியின் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். பப்பாளி மாவுப்பூச்சி என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான். அதன் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். 1955-இல் மெக்சிகோவில் சேகரித்த மாதிரிகள் ஓர் ஆய்வுத் தொகுப்பில் பெயரில்லாமலே பாதுகாக்கப்பட்டு வந்தன. 1992-இல்தான் வில்லியம்ஸ், கிரனாரா டி வில்லிங்க் என்ற இரு ஆய்வாளர்கள் அதைத் தனி இனமென்று விவரித்துப் பெயரிட்டார்கள். 1990-களில் கரீபியத் தீவுகளில் அது பெருகியபோது, பெயரும் தாயகமும் தெரிந்திருந்ததால், அமெரிக்க வேளாண் துறையினர் மெக்சிகோவுக்கே போய் அதன் இயற்கை எதிரிகளான சிறு குளவிகளைத் தேடிப் பிடித்தார்கள்.

அந்தக் குளவிகளைத்தான் 2010-இல் பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. அவற்றில் முதன்மையானது அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத அந்தக் குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மற்ற மையங்களும் குளவிகளைப் பெருக்கித் தோட்டம் தோட்டமாக விட்டன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. மருந்து தெளிக்கவே தயங்கும் மல்பெரித் தோட்டங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பூச்சியைப் பார்த்ததிலிருந்து குளவியைப் பறக்கவிட்டது வரை இரண்டு ஆண்டு சொச்சம். அத்தனை விரைவில் முடிந்ததற்குக் காரணம், எங்கோ ஓர் இழுப்பறையில் பல பத்தாண்டுகளாகச் சில செத்த பூச்சிகளைப் பத்திரமாக வைத்திருந்ததுதான். பூச்சி அருங்காட்சியகத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கோவையில் ஒரு வீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடங்களில் ஒன்று கோவை லாலி ரோட்டில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகம் அது. கட்டடம் புதிது, அதன் பின்னால் இருக்கும் சேகரிப்பு மரபு நூறாண்டைத் தாண்டியது. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோவைக்கு இடம் மாறியது. கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, 1971-இல் தனிப் பல்கலைக்கழகமானது. இந்த நீண்ட காலம் முழுவதும் அங்கிருந்த பூச்சியியலாளர்கள் தென்னிந்தியாவின் வயல்களிலும் காடுகளிலும் பூச்சி சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் இருவரைச் சொல்லியாக வேண்டும். சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெச்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். எந்தப் பூச்சி எந்தப் பயிரில், எந்த ஊரில் என்று படத்தோடு சொன்ன நூல் அது. அவருக்குப் பின் வந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இலைப்பேன்களையும், செதில் பூச்சிகள், மாவுப்பூச்சிகள் அடங்கிய கூட்டத்தையும் துருவித் துருவி ஆராய்ந்தவர். தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியலுக்கு 1940-இல் அவர் எழுதிய கையேட்டை வைத்துத் தலைமுறை தலைமுறையாக வேளாண் மாணவர்கள் படித்தார்கள். நம் மண்ணில் எந்த மாவுப்பூச்சிகள் முன்பே இருந்தன என்று அப்படிப்பட்டவர்கள் எழுதி வைத்ததால்தான், ஒரு பூச்சியைப் பார்த்து ‘இது புதிது’ என்று பின்னால் வந்தவர்களால் சொல்ல முடிகிறது. பழையது எது என்று தெரியாதவருக்குப் புதியது எது என்றும் தெரியாது.

உள்ளே போனதும் கண்ணை இழுப்பவை வண்ணத்துப்பூச்சிகளும் கொம்பு வைத்த பெரிய வண்டுகளும்தான். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், நிற்கட்டும். பெரியவர்கள் கொஞ்சம் பொறுமையாக வண்டினங்களின் பகுதியைப் பார்க்க வேண்டும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 லட்சம். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டுகள். மரத்தைத் துளைப்பது, சாணத்தை உருட்டுவது, அசுவினியைத் தின்பது, சேமித்த பயறைக் குடைவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலில் இருக்கிறது. மாங்கொட்டைக்குள் வாழும் கூன்வண்டும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பார்வையாளர் பார்ப்பது சேகரிப்பின் ஒரு சிறு பகுதியே. எந்தப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும் பெரும்பகுதி மாதிரிகள் ஆய்வாளர்களுக்கான அறைகளில், காற்றுப் புகாத மூடியிட்ட இழுப்பறைகளில் இருக்கும். அழகில்லாத, நெல்மணி அளவுகூட இல்லாத, ஒன்று போலவே தெரிகிற ஆயிரக்கணக்கான உடல்கள். மேலே சொன்ன மாவுப்பூச்சிக் கதை நடப்பது அந்த அறைகளில்தான்.

ஒரு சீட்டின் மதிப்பு

பூச்சி மாதிரி என்பது உடலும் சீட்டும் சேர்ந்தது. வண்டாக இருந்தால் வலது முன்சிறகின் வழியாக ஊசி இறங்கும். மற்றப் பூச்சிகள் பலவற்றுக்கு மார்புப் பகுதியில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம். ஊசி ஒரு பக்கத்தைச் சிதைத்தாலும் மறுபக்கத்து அடையாளங்கள் முழுதாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே, விரல்நுனி அளவில் ஒரு சீட்டு. ஊர், மாவட்டம், நாள், பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் இருந்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். சீட்டு தொலைந்தால் அந்த உடல் வெறும் காட்சிப்பொருள். சீட்டு இருந்தால் அது சான்று.

மாவுப்பூச்சியை ஊசியில் குத்த முடியாது, உடல் அத்தனை மென்மையானது. அதைக் காரக் கரைசலில் மெல்லச் சூடாக்கி உள்ளிருப்பதையெல்லாம் கரைத்து, மிஞ்சும் தோலுக்குச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பிசினுக்குள் பதிக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறார்கள். உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், மெழுகு சுரக்கும் நுண்குழல்கள் முதுகில் எங்கெங்கே இருக்கின்றன, பின்னங்காலில் துளைகள் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். பப்பாளி மாவுப்பூச்சிக்கு உணர்கொம்பில் 8 கணுக்கள். முதுகில் ஒருவகை நுண்குழல்கள் ஓரத்தில் மட்டுமே இருக்கும். பின்னங்காலின் நீண்ட கணுவில் துளைகள் இருக்காது. இன்னோர் அடையாளத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்: மஞ்சள் நிறமான அந்தப் பூச்சியைச் சாராயத்தில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் கருநீலமாக மாறிவிடும்.

ஒரு புதிய இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது, எந்த உடலைப் பார்த்து வைத்தார்களோ அந்த உடல் மூல மாதிரி ஆகிறது. உலகில் யாருக்கு எப்போது ஐயம் வந்தாலும் அதனோடு ஒப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கடையில் தராசுக்கு ஐயம் வந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்ப்பது போலத்தான். ஆகவே மூல மாதிரிகளை எந்த நிறுவனமும் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது. காப்பதும் எளிதன்று. நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். உலர்ந்த பூச்சி உடலையே இரையாகக் கொள்ளும் சிறு வண்டுகள் இழுப்பறைக்குள் நுழைந்தால், நூறாண்டுச் சேகரிப்பைச் சில மாதங்களில் தூளாக்கிவிடும். சேகரிப்பவரைப் போலவே, ஓய்வில்லாமல் இழுப்பறைகளைச் சோதித்துக்கொண்டே இருக்கும் பணியாளரும் இந்த அறிவியலின் தூண்.

ஒரே இனத்தில் ஏன் நூற்றுக்கணக்கான மாதிரிகள் என்று சிலர் கேட்பார்கள். நாளையக் கேள்வி எது என்று இன்று யாருக்கும் தெரியாது என்பதே விடை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1860-இல் திறக்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் மொரீசியஸ் தீவில் அழிந்துபோன டோடோ பறவையின் தலை ஒன்று, உலர்ந்த தோலோடு அங்கே இருக்கிறது. அதைப் பத்திரப்படுத்தியவர்களுக்கு டி.என்.ஏ. என்ற சொல்லே தெரியாது. ஆனால் 2002-இல் அந்த எச்சத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ., டோடோவுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவு நம் நிக்கோபார்த் தீவுகளின் புறா என்று காட்டியது. பிரிட்டனில் வல்லூறுகள் குறைந்துகொண்டே வந்தபோது, டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை அளந்து பார்த்தார். 1940-களின் இறுதியிலிருந்து ஓடு மெலியத் தொடங்கியிருந்தது. டி.டி.டி. மருந்து புழக்கத்துக்கு வந்த காலமும் அதுவே. முட்டை சேர்த்தவர்கள் பூச்சிமருந்தைப் பற்றிக் கனவிலும் நினைத்தவர்கள் அல்லர்.

பெயர் தவறினால்

பெயரைத் தவறாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே பழைய சான்று உண்டு. வேளாண் பள்ளி தொடங்கிய அதே சைதாப்பேட்டையில், அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சி கள்ளியில் வளரும். அதை உலர்த்தி அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதைத் தட்டிப் பறிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி துடித்தது. சென்னைக் கரையோரப் புல்லில் ஆண்டர்சன் கண்ட ஒரு பூச்சியைக் கொச்சினீலாக இருக்கலாம் என்று நம்பி இங்கிலாந்துக்கு எழுதினார். சாயத்துக்கு அது உதவவில்லை.

1795-இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அவையும் உண்மையான கொச்சினீல் அல்ல, அதன் காட்டு உறவினம் ஒன்று. சாயம் தரத்தில் தாழ்ந்தது. ஆனால் அந்தப் பூச்சி கள்ளியைத் தின்று பெருகி, போன இடமெல்லாம் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியையே அழித்தது. பிறகு அதை வேண்டுமென்றே கள்ளி ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். களையைப் பூச்சியால் அடக்கும் முறையின் உலக வரலாறு இந்தப் பிழையிலிருந்துதான் தொடங்குகிறது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நம்மூரில் பரவியிருந்த இன்னொரு கள்ளி வகையை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு வேறொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து 1926-இல் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும் இரண்டு பூச்சிகள், ஒன்று போலத் தெரியும் இரண்டு கள்ளிகள். எது எதைத் தின்னும் என்பது பெயரைப் பொறுத்தது.

இதைவிடப் பெரிய பாடத்தை மரவள்ளி கற்றுத் தந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவில் ஒரு மாவுப்பூச்சி மரவள்ளியை அழிக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு அந்தக் கிழங்கு. மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா என்பதால் பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்று தேடினார்கள். தென்னமெரிக்காவின் வடபகுதியில் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். குளவிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியில் வளர மறுத்தன. கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது, இரண்டும் வேறு வேறு இனங்கள். அமெரிக்காவில் கிடைத்ததில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவைத் தாக்கியதில் ஆணே கிடையாது, பெண்ணே இணையில்லாமல் பெருகும். உண்மையான பூச்சி 1981-இல் பராகுவே நாட்டில் கிடைத்தது. அங்கிருந்து வந்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவிதான் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டது. பிறகு நாமக்கல், சேலம், தருமபுரி மரவள்ளி வயல்களுக்குப் பரவியது. இந்த முறை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெயர் தெரியும், எதிரியும் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, பெருக்கி, 2022-இல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களுக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்கா ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டின் பலன் நமக்குக் கையில் கிடைத்தது.

எல்லையில் இருப்பதன் பொருள்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இந்தக் கதைகள் ஏன் மிக நெருக்கமானவை? இது வண்டிகள் நிற்காத வட்டாரம். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரியில் சென்னைக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது. தொழிற்பேட்டைகளுக்கு உதிரிபாகங்கள் வருகின்றன, மரப்பெட்டிகள் வருகின்றன. நாற்றுப் பண்ணைகளிலிருந்து செடிகள் போகின்றன. பசுமைக்குடில் ரோஜா வெளிநாடு போகிறது. பட்டுக்கூடு ராமநகரம் சந்தைக்குப் போகிறது. பூச்சிகளுக்கு இதைவிட வசதியான பயண ஏற்பாடு கிடையாது.

பட்டுக்காரர்கள் இதை ஒருமுறை அனுபவித்தவர்கள். ஊசி ஈ என்று அவர்கள் அஞ்சும் ஈ, வங்காளப் பட்டுப் பகுதிகளுக்கு உரியது. பட்டுப்புழுவின் மேல் முட்டையிடும். பொரிந்த புழு உள்ளே துளைத்துத் தின்னும். 1980-இல் அது கூடுகளோடு கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தது. மாநில எல்லை அதற்கு எல்லையாக இருக்கவில்லை. இன்று வளர்ப்பு மனைகளுக்கு வலை அடிப்பதும், ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் சிறு குளவிகளை விடுவதும் அந்தப் பயணத்தின் விளைவு.

மாம்பழத்துக்கும் இதே நிலைதான். கிருஷ்ணகிரியின் பெங்களூரா கூழாகி வெளிநாடு போகும். முழுப் பழம் போக வேண்டுமானால் பூச்சியின் பெயர் குறுக்கே நிற்கும். கூன்வண்டு பிஞ்சில் முட்டையிடும். புழு சதையைக் கடந்து கொட்டைக்குள் போய்விடும். பழத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2007-இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்குக் கதவு திறந்தபோது, இத்தகைய பூச்சிகளை முன்னிட்டுக் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் கட்டாயமாக்கியது. 2014-இல் பழ ஈ கண்டதைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையே தடுத்தது. 2015-இல்தான் தடை விலகியது. மாம்பழத்தைத் தாக்கும் பழ ஈக்களில் நெருங்கிய உறவினங்கள் பல உண்டு. மார்பின் மஞ்சள் கோடுகளையும் சிறகின் கறைகளையும் வைத்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மாதிரிகள் இல்லையென்றால், ஏற்றுமதிக் கிடங்கில் அந்த வாதம் எடுபடாது.

இந்த வகையில் நம் வட்டாரம் கொடுத்து வைத்தது. வடக்கே பெங்களூரின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1908-இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன் காலத்திலிருந்து அங்கும் பூச்சியியல் மரபு உண்டு. மாம்பூவைக் கருக்கும் தத்துப்பூச்சிகள் உள்ளிட்ட கூட்டத்தை வகைப்படுத்துவதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சி. ஏ. விரக்தமத் உலகம் அறிந்த பெயர். வெளிநாட்டுக் குளவிகளை வரவழைத்த தேசிய நிறுவனமும் அதே பெங்களூரில், ஹெப்பாள் பக்கம்தான். தெற்கே கோவை. இரண்டுக்கும் நடுவில் நாம்.

நம் ஊரிலேயே, ஓசூரில், உயிரோடு காக்கப்படும் ஒரு தொகுப்பும் இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளையும் நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களையும் பாதுகாக்கிறது. பட்டுப்புழு மனிதன் கையில் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டு வளர்ந்து, பறக்கும் ஆற்றலையே இழந்த பூச்சி. காட்டில் விட்டால் பிழைக்காது. ஆகவே அதை ஊசியில் குத்தி வைத்தால் போதாது. ஒவ்வோர் இனத்தையும் உரிய காலத்தில் பொரிக்க வைத்து, தனித்தனியே வளர்த்து, கலப்பு நேராமல் முட்டை எடுத்து, மறுபடியும் தொடங்க வேண்டும். விளைச்சல் குறைந்த பழைய இனங்களை ஏன் கட்டி அழ வேண்டும் என்று தோன்றலாம். வெயிலைத் தாங்கும் குணமும் நோயை எதிர்க்கும் குணமும் பெரும்பாலும் அந்தப் பழைய இனங்களில்தான் இருக்கின்றன. நாளைய விதைக்கூடு அவற்றிலிருந்து வர வேண்டும்.

நாம் சேர்க்க வேண்டியவை

கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் ஓசூர் மாறிய வேகத்தில் தமிழ்நாட்டில் மாறிய ஊர்கள் சில. ராகிக் கொல்லைகளும் புளியந்தோப்புகளும் ஏரிக்கரைகளும் ஆலைகளாகவும் மனைகளாகவும் ஆகிவிட்டன. வேலை வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கொல்லைகளில் என்னென்ன தேனீக்கள் இருந்தன, எந்த ஏரியில் எந்தத் தும்பிகள் பறந்தன என்று கேட்டால், நினைவிலிருந்து சொல்லக்கூடிய பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். பெங்களூரின் கழிவு கலந்து தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுவதை நாம் பார்க்கிறோம். தும்பியின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான். சில இனங்கள் அழுக்கைத் தாங்கும், சில தாங்காது. ஆற்றின் ஒரு பகுதியில் எந்த ஆண்டு எந்த இனம் இருந்தது என்று காட்டும் மாதிரிகள் கையில் இருந்தால், தண்ணீர் எப்போதிலிருந்து கெட்டது, எவ்வளவு தேறியது என்பதை வழக்காடும் அளவுக்குச் சொல்லலாம்.

ஆகவே கோவைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு இது முடியக்கூடாது. நம் மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல், வேளாண் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே ஏரியிலும் ஒரே மாந்தோப்பிலும் ஒரே மல்பெரித் தோட்டத்திலும் முறையாகப் பூச்சி சேர்க்கலாம். ஊரும் நாளும் செடியும் எழுதிய சீட்டோடு அவற்றைப் பல்கலைக்கழகத் தொகுப்புகளில் ஒப்படைக்கலாம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இனங்களையும் காப்புக்காடுகளையும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்பதை முதல் பாடமாகவே சொல்லித்தர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு கைப்பேசிப் படம், அதோடு இடம், நாள், செடியின் பெயர், இவை போதும். புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது மண்ணைச் சோதிப்பது போல, அங்குள்ள பூச்சிகளையும் செடிகளையும் மாதிரி எடுத்து வைப்பது வழக்கமாக வேண்டும். ஆலை கட்டும் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் இதுவரை பார்க்காத பூச்சியைப் பார்த்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு சிறு குப்பியில் நாலைந்தை இலையோடு போட்டு, நாளையும் ஊரையும் எழுதி, பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, மல்பெரியானால் பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்பச் சேவை மையத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். எல்லையில் இருக்கும் நம் தோட்டங்களில்தான் புதிய பூச்சியை முதலில் பார்க்கும் வாய்ப்பு அதிகம். முதலில் பார்த்தவர் சும்மா இருந்துவிட்டால், பூச்சி மாவட்டம் கடந்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குத் தெரியவரும். உடனே கொடுத்துவிட்டால், பெயர் கண்டுபிடிக்கும் வேலை அன்றே தொடங்கிவிடும்.